பின்பலகை

தச்சநல்லூர்
2.2.2025

அன்புள்ள தங்கச்சி ஜாய்சிக்கு,

அண்ணன் ரெக்சன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் ஊரில் யாரும் படுக்கையில் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. திண்டுக்கல் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கன்னியாஸ்திரியாகப் பயிற்சி எடுக்கும் அந்த நவத்துறவகத்துச் சோறு வயிற்றுக்குச் சேருகிறதா?

நம் ஃபைபர் வள்ளம் நேற்று ஊரிலிருந்து லாரியில் இங்கே வந்து சேர்ந்தது. நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பின்னால் குப்புறப் போட்டிருக்கிறோம். 2023 வெள்ளத்தில் டவுணுக்குள் ஓட்டியபோது காம்பவுண்டுச் சுவரில் உரசியதும், இரும்புக் கேட்டின் மேல் ஏறியதும் அடிப்பக்கத்தில் அப்படியே தெரிகிறது. அதற்கப்புறம் ஒரு வருஷம் கரையில் வெயிலில் கிடந்ததில் வெடிப்புகள் விரிந்துவிட்டன. வேலை நேரம் முடிந்தபின் பார்த்துக்கொள் என்று முதலாளி குற்றாலலிங்கம் அண்ணாச்சி இடம் கொடுத்தார். ஆகஸ்டில் ஊர்த் திருவிழா. அதற்குள் முடித்து, சாமியார் மந்திரித்துக் கடலில் இறக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டவுணில் அறை கேட்டுப் போனேன். வெள்ளத்தன்று அப்பாவும் ஜோஷுவா மாமாவும் நானும் எந்தத் தெருவில் எழுபது பேரை ஏற்றி இறக்கினோமோ அதே தெரு. வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு காப்பி கொடுத்தார். "தம்பி, நீங்கல்லாம் தெய்வம் மாதிரி வந்தீங்க. ஒண்ணே ஒண்ணு, இங்கன மீன் பொங்கக்கூடாது பாத்துக்கோங்க, எங்களுக்கு வாடை சேராது" என்றார். காப்பி குடித்து முடிப்பதற்குள் அறையை வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாக ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. அன்றைக்கு அவர் அம்மாவை நான்தான் தோளில் தூக்கி வந்தேன். அப்போது வாடை அடிக்கவில்லை. பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

உதவிக்குப் பிச்சைக்கண்ணு என்று ஒருவன் இருக்கிறான். பதினைந்து வருஷமாக ஃபைபரில் தண்ணீர்த் தொட்டியும் கதவும் செய்கிறவன். கிரைண்டர் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

உன் ஜெபத்தில் வள்ளத்துக்கும் ஒரு இடம் கொடு.

அண்ணன் ரெக்சன்

திண்டுக்கல்
23.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஜாய்சி எழுதுவது.

நலம். குளிரில் காது அடைத்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை. மீன் என்றால் இங்கே மாதம் ஒருமுறை நெத்திலிக் கருவாடு. இந்த வருஷம் முழுவதும் போன் கிடையாது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம். வருவதையும் போவதையும் மதர் படித்துவிட்டுத்தான் தருவார்கள், அது இங்கே ஒழுங்கு. அதற்காக நீ எதையும் மறைத்து எழுத வேண்டாம்.

அறை விஷயம் படித்து எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த பத்தியிலேயே நீ 'பிச்சைக்கண்ணு என்று ஒருவன்' என்று எழுதுகிறாய். பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர் என்றால் நாற்பது வயதாவது இருக்கும். ஜோஷுவா மாமாவை யாராவது 'ஒருவன்' என்று எழுதினால் நீ சும்மா விடுவாயா?

எஞ்சின் மாட்டும் பின்பலகை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. மொத்தப் பாரமும் அதன் மேல்தானே. எந்த வள்ளத்தைப் பார்த்தாலும் அப்பா முன்பக்கம் பார்க்க மாட்டார், நேராகப் பின்னால் போய்த்தான் நிற்பார்.

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் போடச் சொல்.

தங்கை ஜாய்சி

தச்சநல்லூர்
16.3.2025

அன்புள்ள ஜாய்சிக்கு,

உன் கடிதம் வந்தது. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள். எனக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை, ஃபைபர் தூசியில் கை மட்டும் அரிக்கிறது.

அடிப்பக்கம் முடிந்துவிட்டது. பழைய பெயிண்டைச் சுரண்டி, ஒவ்வொரு வெடிப்பையும் கிரைண்டரால் அகலமாக விரித்து, உப்புப் போகக் கழுவி, பத்து நாள் காயப்போட்டோம். அதற்கப்புறம் மேட் விரித்து ரெசின் பசை பூசி உருளையால் காற்றை வெளியேற்றினோம். மேட் என்றால் கண்ணாடி நாரை நெய்யாமல் துணி மாதிரி அமுக்கிய விரிப்பு. வெடிப்பை விரிக்காமல் மேலே பூசினால் ஒரு மாதத்தில் திரும்பவும் வாய் திறக்கும். இது பிச்சைக்கண்ணு சொல்லிக் கொடுத்தது. நீ சொன்னதற்காக 'அவர்' என்று எழுதுகிறேன். இங்கே யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. கல்லூரிக்குப் போகும் அண்ணாச்சி மகன்கூட 'பிச்சை' என்றுதான் கூப்பிடுகிறான்.

பின்பலகை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிச்சைக்கண்ணு சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்து நடுவில் நின்றார்.

"தம்பி, காதக் குடுத்துக் கேளும். டங்குன்னு வரணும். இங்கன தொப்புன்னு வருது. உள்ள கட்ட ஊறிப்போச்சு."

எஞ்சின் போல்ட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் டிரில் போட்டார். கறுப்பாக, அழுகிய தென்னை நார் மாதிரி வந்தது. மோந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"உள்பக்கத் தோல அறுத்து, கட்டையப் பூராவும் தோண்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். மூணு வாரம் பிடிக்கும். மேலாக்க மேட்ட ஒட்டினா பாக்க லெச்சணமா இருக்கும், அம்புட்டுதான்."

"நீரு தண்ணித் தொட்டி செய்யுத ஆளு. இது கடலுக்குப் போறது. கடலுக்கு எத்தன தடவ போயிருக்கீரு?" என்று கேட்டேன்.

பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. "திருச்செந்தூர்ல கால் நனைச்சதோட சரி. கட்ட ஊறினா தொட்டியில என்ன, கடல்ல என்ன, ஒண்ணுதான வே" என்று சொல்லிவிட்டு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

திண்டுக்கல்
11.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். தவசுக்காலம் என்பதால் இங்கே பாதி நாள் பேசா நாள். எழுதுவதும் குறைவாகத்தான் எழுத வேண்டும். ஆகவே ஒன்றே ஒன்று. கட்டையை மாற்றினாயா?

ஜாய்சி

தச்சநல்லூர்
15.6.2025

அன்புள்ள ஜாய்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வெயிலில் எல்லாருக்கும் வேர்க்குரு. மற்றபடி சுகம்.

வள்ளம் முடிந்தது. அடியில் வெள்ளை, மேலே நீலம், விளிம்பில் மஞ்சள் கோடு. நீ பார்த்தால் புது வள்ளம் என்பாய். அப்பா போன வாரம் வந்தார். நேராகப் பின்னால் போய் நின்றார். குனிந்து தடவிப் பார்த்தார்.

"பின்பலகை யாரு பாத்தது?"

பதில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். திரும்ப ஒருமுறை தடவினார். வள்ளம் பார்த்த ஆளுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, இறக்கும் நாளில் ஊருக்கு அழைத்துச் சாப்பாடு போடுவது நம் வழக்கம் என்று உனக்குத் தெரியும். பை நிறைய வேட்டி துண்டு வாங்கி வந்திருந்தார். பிச்சைக்கண்ணு அப்போது தென்காசியில் தொட்டி மாட்டப் போயிருந்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

லாரி திங்கட்கிழமை வருகிறது. வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

திண்டுக்கல்
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். மழை பிடித்துவிட்டது, தோட்டத்தில் அவரை நட்டிருக்கிறோம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீலம், வெள்ளை, மஞ்சள் எல்லாம் இருக்கிறது. கட்டையை மாற்றினாயா என்று ஏப்ரலில் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்பாவிடம் பதில் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய், என்ன பதில் என்று எழுதவில்லை. அப்பா உன் கைவேலையை நம்ப மாட்டார். நீ செய்த நாற்காலியில்கூட உட்கார மாட்டார். அவர் தலையை ஆட்டினார் என்றால் நீ உன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாய்.

இந்த மாதம் எனக்கு அனுமதித்த ஒரே கடிதம் இது. அம்மாவுக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். வள்ளம் இறங்குவதற்குள் பதில் போடு.

ஜாய்சி

தச்சநல்லூர்
31.8.2025

அன்புள்ள ஜாய்சிக்கு,

முதலில் இதைப் படி: அப்பாவும் ஜோஷுவா மாமாவும் உயிரோடு இருக்கிறார்கள். பயப்படாதே.

திருவிழா முடிந்து வள்ளம் இறங்கியது. மந்திரித்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. இருபதாம் தேதி புதன்கிழமை கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், காற்றை எதிர்த்து எஞ்சினை முடுக்கியபோது பின்பலகை பிளந்தது. எஞ்சின் பலகையோடு பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. வள்ளம் பின்னால் அமிழ்ந்து கவிழ்ந்தது. பதினாலு மணி நேரம் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். வேறு ஊர்க்காரர்கள் பார்த்துத் தூக்கிவந்தார்கள். மாமாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, கம்பி வைத்திருக்கிறார்கள். இனிக் கடலுக்குப் போவது கஷ்டம் என்கிறார்கள். அப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

பின்பலகை பிச்சைக்கண்ணு பார்த்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை வேனில் எட்டுப் பேர் பட்டறைக்கு வந்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர், முன்சீட்டில், தோளில் கட்டோடு. பேச்சு முற்றிப் பிச்சைக்கண்ணுவுக்கு அடி விழுந்தது. அண்ணாச்சி அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

வேறு என்ன எழுத. ஜெபம் பண்ணு.

ரெக்சன்

திண்டுக்கல்
14.9.2025

அண்ணா,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன்.

அம்மா போன ஞாயிறு பார்க்க வந்திருந்தாள். பார்வையாளர் அறையில் மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அந்தப் பய கட்டைய மாத்தாமப் பூசி விட்டுட்டான் மக்கா. நம்ம ஆளுவ சும்மா விடல." 'அந்த' என்பதற்கும் 'பய' என்பதற்கும் நடுவில் அவருடைய சாதிப் பெயரையும் சொன்னாள். நான் எழுதவில்லை. மார்ச் மாதம் நீ எழுதிய கடிதம் அப்போது என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. கட்டையைத் தோண்டி எடுக்கச் சொன்னதே அந்த மனுஷன்தான் என்று அதில் உன் கையெழுத்தில் இருக்கிறது. எடுத்து நீட்டியிருக்கலாம். அம்மா அழுதுகொண்டிருந்தாள். நீட்டவில்லை. ஆகவே நான் உன்னைவிட நல்லவள் என்று நினைத்து இதை எழுதவில்லை.

'அடி விழுந்தது' என்று எழுதியிருக்கிறாய், மழை விழுந்த மாதிரி. யார் அடித்தார்கள்? அப்பா வேனை விட்டு இறங்கினாரா? நீ எங்கே நின்றாய்?

ஜாய்சி

தச்சநல்லூர்
2.11.2025

அன்புள்ள ஜாய்சிக்கு,

ஒன்றரை மாதமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று கல்லறைத் திருநாள். ஊருக்குப் போகவில்லை.

மே மாதம் பிச்சைக்கண்ணு அண்ணன் கோவில் கொடை விழாவுக்காக மூன்று நாள் லீவு போட்டார். அந்த மூன்று நாளில் டிரில் போட்ட ஓட்டைக்குள் ரெசினை ஊற்றி அடைத்து, மேலே மூன்று மேட் ஒட்டி, பெயிண்ட் அடித்துவிட்டேன். வேலை இழுத்துக்கொண்டே போன அலுப்பு பாதிக் காரணம். மீதிக் காரணத்தை எழுதக் கூசுகிறது. அத்தனை பேர் முன்னால் அவரைக் கேலி பண்ணியபின் கட்டையைத் தோண்டினால், அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். எனக்கு அது முடியவில்லை. லீவு முடிந்து வந்தவர் பார்த்தார். ஒரே ஒருமுறை தட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று முதல் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

அப்பா கேட்டபோது "பிச்சைக்கண்ணு பாத்தது" என்றேன். நான் என்று சொல்லியிருந்தால் பலகையை அப்போதே அறுத்துப் பார்த்திருப்பார். வேட்டியைக் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு அழைத்ததையும் சொல்லவில்லை. வந்தால் உண்மை தெரிந்துவிடும் என்று பயம்.

நான் எங்கே நின்றேன் என்று கேட்டாய். நான்கு எட்டுத் தள்ளி, ஒரு கதவுக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். "நான் அந்தப் பலகையத் தொடவே இல்ல அண்ணாச்சி, அந்தா நிக்காருல்லா, அவருகிட்ட கேளுங்க" என்று வந்தவர்களிடம் சொன்னார் பிச்சைக்கண்ணு அண்ணன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கிரைண்டரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அவ்வளவுதான் நான் செய்தது. அவர்கள் அடித்து முடித்து வேனில் ஏறும்வரை அணைக்கவில்லை.

டவுணில் அறை மறுத்தவரைப் பற்றி உனக்கு எழுதினேனே. அவராவது காப்பி கொடுத்தார்.

போன வாரம் பிச்சைக்கண்ணு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இப்போது டவுணில் ஒரு ஜவுளிக் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறார். வேறு பட்டறைகளில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். வாசலில் நின்று மெதுவாக ஆரம்பித்தேன். "சத்தமாச் சொல்லும். அன்னையில இருந்து இந்தக் காது கேக்கல" என்றார். முதலில் இருந்து சத்தமாகச் சொன்னேன். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? எனக்குத் தெரியாததா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லும்."

அவர் மனைவி சந்தனமாரி அக்கா கதவுக்குப் பின்னால் இருந்து வந்தார். "மன்னிப்பு கின்னிப்புல்லாம் எங்களுக்கு வேண்டாம். ஸ்டேஷன்ல மனுக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. பட்டறையில ஒருத்தனும் பாக்கலையாம். உங்க அண்ணாச்சி எழுதியே குடுத்திட்டாரு. நீ பாத்தல்லா? வந்து சொல்லுவியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வார்த்தை என் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

மறுநாள் ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் வலையில் ஒரே கண்ணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வாய மூடிக்கிட்டு இரு. அவன் யாரோ. நீ எம்மவன். எட்டு வீட்டையும் கோர்ட்டுல நிறுத்திட்டு இந்தக் கரையில நீ நடமாடிருவியால?" என்றார்.

நான் என்ன செய்ய வேண்டும்? நீ சொல்.

ரெக்சன்

திண்டுக்கல்
13.11.2025

அண்ணா,

சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ செய்தால், நாளைக்கு ஊரில் என் பெயரைச் சொல்வாய். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டாய்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அந்த மனுஷனின் காது அல்ல. வருகிற மே மாதம் எனக்கு முதல் துறவற வார்த்தைப்பாடு, அப்பா மேல் வழக்கு இருந்தால் இங்கே என்ன நினைப்பார்கள் என்பதுதான். இதற்காக நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செய்தபிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

ஜோஷுவா மாமாவின் காலுக்கு ஜெபிக்கிறேன்.

ஜாய்சி

தச்சநல்லூர்
1.12.2025

அன்புள்ள ஜாய்சிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பட்டறையில் வேலை இல்லை. நேற்று முன்தினம் அண்ணாச்சியிடம் சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னேன், துணிமணியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வண்ணார்பேட்டையில் கூடப் படித்தவன் ஒருவன் வீட்டில் இருக்கிறேன்.

இன்று ஸ்டேஷனுக்குப் போனேன். பிச்சைக்கண்ணு அண்ணனும் சந்தனமாரி அக்காவும் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். ரைட்டர் என் பெயர், ஊர், சாதி எல்லாம் கேட்டு எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"உங்க ஆளுவ மேல நீயே சொல்லுதியா? அவங்க எதுவும் குடுத்தாங்களால?"

"இல்ல சார். பாத்தேன்."

"இத்தன நாள் கண்ணு அவிஞ்சா போயிருந்து?"

பின்பலகையை நான்தான் பூசினேன், பொய்யும் நான்தான் சொன்னேன் என்று முதலில் அதை எழுதச் சொன்னேன். பிறகு எட்டுப் பேரின் பெயரையும் தகப்பன் பெயரோடு சொன்னேன். என்ன சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்று கேட்டார். பிச்சைக்கண்ணு அண்ணன் முன்னால் அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கை வச்சது யாரு?"

நீ செப்டம்பரில் கேட்டாய், நான் தாண்டிப் போனேன். அப்பா இறங்கினார், ஜாய்சி. வேனில் இருந்து முதலில் இறங்கியது அவர்தான். கட்டுப் போட்ட தோளோடு, இடது கையால். காதைச் சேர்த்து. நான் சொன்ன பொய்யை நம்பி அடித்தார். ஆனால் அடித்தது அவர். அதைச் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் மீன் ஏலம் கூவுவது கேட்டது.

"எல்லார் பேரையும் சொல்லிட்டியா?"

"எட்டுப் பேரும். எம் பேரும்."

"மொதப் பேரு?"

"ஒங்க பேருதாம்ப்பா."

ஏலம் ஒரு கூடை முடிந்து அடுத்த கூடைக்குப் போயிற்று. "ஜாய்சிட்ட நீயே எழுதிரு. அவளுக்கு எங்கிட்ட இருந்து தெரிய வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எழுதிவிட்டேன். உன் வார்த்தைப்பாட்டுக்கு இதனால் இடைஞ்சல் வந்தால் அதுவும் என் கணக்கில்தான்.

திரும்பும்போது மூவரும் ஒரே டவுண் பஸ்ஸில் ஏறினோம். அவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் வந்து, "மூணு பேரும் ஒண்ணா?" என்றார்.

"நாங்க ரெண்டு பேரு" என்றார் சந்தனமாரி அக்கா. "அவரு வேற."

நான் என் டிக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.

ரெக்சன்